பதினாறு நாள் சிரிப்பு

சிரியுங்கள். சிரிப்பதில் தவறொன்றுமில்லை. நீங்கள் குலுங்கியதில் என் தோளும் குலுங்கியது, அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். என்ன அது? ஒட்டகமா? கல்யாணப் பந்திக்குள் நுழைந்து பாயச வாளியில் வாய் வைக்கிறது. சரி, நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். சென்ற வாரம் இதேபோல் எதைப் பார்த்துச் சிரித்தீர்கள்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் இறங்கும் இராஜபாளையத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

நினைவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது.

இன்னொன்று கேட்கிறேன். "இட்லி வந்துட்டா?" இது நினைவிருக்கிறதா? சென்ற ஆவணி மாதம். பிணத்தின் பக்கத்தில் ஓர் அம்மாள் முகமெல்லாம் கண்ணீராகத் திரும்புகிறாள், "இட்லி வந்துட்டா?" என்று கேட்கிறாள், யாரோ என்னவோ சொல்ல, தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் பெட்டியின்மேல் விழுந்து அழுகிறாள். ஏழு விநாடி. பார்த்தீர்களா, வாய் சொல்லுமுன் உங்கள் உதடு சொல்லிவிட்டது. நாற்பத்தொரு லட்சம் பேர் பார்த்தார்கள். நீங்கள் மட்டும் எப்படித் தப்பியிருப்பீர்கள்?

அந்த அம்மாள் என் தம்பி மனைவி. பெட்டிக்குள் இருந்தவன் என் தம்பி.

நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை. சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. மதுரையில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இன்று காலையில் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அதைக் கேட்பது முறைதானா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டு மனிதர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள். உங்களுக்கு யாரையும் தெரியாது. நடுநிலை என்பது அப்படி அறியாதவர்களிடம்தான் கிடைக்கும்.

என் பெயர் மங்கையர்க்கரசி. தென்காசியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியை. அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி சிதம்பரநாதன், அவன் மனைவி செண்பகவல்லி, நான், மூவரும் ஒரே வீடு. அவர்களுக்கு ஒரே மகள், உலகம்மை. பெங்களூரில் கணினி வேலை. தாம்பாளத்து அரிசியில் அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைத்தது நான். பெற்றது செண்பகவல்லிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது யார்? பள்ளிக்குக் கை பிடித்து அழைத்துப் போனது யார்? ஆண்டு விழாவில் பேச எழுதிக் கொடுத்தது யார்? இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு மாரடைப்பு. விடியற்காலையில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. பத்து மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். உலகம்மை பெங்களூரிலிருந்து வந்து சேர மாலை நான்கு ஆகும், அதன் பிறகுதான் எடுப்பது என்று முடிவாயிற்று. உங்கள் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாது. எங்களில் பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. எடுக்கும்வரை நெருங்கிய உறவினர்கள் பச்சைத் தண்ணீர் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது. சிலர் இப்போது தெருமுனைக் கடையில் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கும் செண்பகவல்லியின் தங்கை அப்படித்தான் போய் வந்தாள். நான் பத்துப் பேர் முன்னிலையில் அவளைக் கேட்டேன்: "ஒருவேளை வயிற்றைக் கட்ட முடியாதவள் எதற்காக அழ வந்தாய்?" தவறு செய்தவர்களை உடனே, எல்லோர் முன்னிலையிலும் திருத்தினால்தான் மற்றவர்களுக்கும் படியும். இது என் அனுபவம்.

ஆனால் எனக்குச் சர்க்கரை வியாதி. இருபத்தோராண்டு வியாதி. காலை ஏழே முக்காலுக்கு இன்சுலின் ஊசி. செண்பகவல்லிதான் போடுவாள். அன்றைக்கு அவள் மருத்துவமனையில் இருந்தாள், நானே போட்டுக்கொண்டேன். செய்தி வந்தபின்னும் கை பழக்கத்தில் போட்டுவிட்டது. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். பதினொரு மணிக்கு எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது, நெற்றியில் வேர்வை. அவள் பெட்டியின்மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தவள், தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அருகில் வந்து காதோடு சொன்னாள்.

"மதினி, பேச்சியம்மாட்டச் சொல்லி நாலு இட்லி கொண்டாரச் சொல்லுதேன். பின்கட்டுல வச்சுச் சாப்ட்டுருங்க."

"ஊர் பார்த்தால் என்ன ஆகும்?" என்றேன்.

"ஆரும் பாக்க மாட்டாவ."

"இது எந்நாளும் வெளியே போகக் கூடாது, செண்பகம். உலகுவுக்குக்கூட."

"சொல்ல மாட்டேன் மதினி. அவுக தலமாட்டுல நின்னு சொல்லுதேன்."

அவள் வாக்கு மீறாதவள். அந்த மதிப்பெண்ணை நான் குறைக்க மாட்டேன்.

பேச்சியம்மாள் பக்கத்து வீடு. தூக்குச்சட்டியில் இட்லி வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தாள். நான் அப்போது பெட்டியின் தலைப்பக்கம் கைபேசியோடு நின்றேன். கனடாவில் எங்கள் சித்தப்பா மகன் இருக்கிறார், வர இயலவில்லை, கடைசி முகத்தையாவது படம் எடுத்து அனுப்புங்கள் அக்கா என்று கேட்டிருந்தார். எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் இவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, சாதாரணக் குரலில், சந்தைக்குப் போய் வந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மதினிக்கு இட்லி வந்துட்டா?"

அறையில் முப்பது பெண்கள். நல்லவேளை, அழுகைச் சத்தத்தில் யாருக்கும் காதில் விழவில்லை. என் கைபேசிக்கு மட்டும் விழுந்தது.

என் மனநிலையை நினைத்துப் பாருங்கள். காதோடு சொன்னதைக் கூடத்தில் நின்று கேட்கலாமா? எனக்கு உடல் கூசிவிட்டது. ஆனாலும் பின்கட்டுக்குப் போனேன். மாவரைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான்கு இட்லியையும் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. மருந்தாகத்தான் சாப்பிட்டேன்.

அவளா? அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அன்றைக்கு இரவுவரை ஒரு பருக்கை இல்லை. எடுத்த பிறகு தலை முழுக வைத்தபோது கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். அதை நான் படம் எடுக்கவில்லை. எனக்கும் ஒரு வரம்பு உண்டு.

இரவு ஏழு மணிக்கு, எல்லாம் முடிந்து உட்கார்ந்து, எடுத்த படத்தைப் பார்த்தேன். அந்த இடம் வந்தது. எனக்குள் மறுபடியும் அதே கூச்சம். துக்கம் என்றால் துக்கம். நடுவில் இட்லி எதற்கு? என் தம்பிக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உண்மைதான். ஆனால் விட்டிருந்தால் நடுவில் நிறுத்தியிருக்க மாட்டேன். எங்கள் குடும்பத்துக்கு வாட்ஸாப்பில் ஒரு குரூப் உண்டு, அறுபத்தொரு பேர், எல்லாம் மூத்தவர்கள்; உலகம்மை அதில் கிடையாது. அந்தத் துண்டை மட்டும் எடுத்து அதில் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: "இக்காலத்துத் துக்கத்துக்கும் சிற்றுண்டி இடைவேளை உண்டு." அதில் இலக்கணப் பிழை கிடையாது, வசைச் சொல் கிடையாது. படித்தவர்கள் படித்துத் திருந்துவதற்காக எழுதிய வரி.

முதல் சொல்லை எடுத்துவிட்டேன். ஆமாம், "மதினிக்கு" என்ற சொல்லைத்தான். என் நோய் என் சொந்த விஷயம், அறுபத்தொரு பேர் அறிய வேண்டியதில்லை. படத்தின் இரு முனையையும் விரலால் உள்ளே தள்ளினால் துண்டாகிவிடும். உலகம்மைதான் ஒரு பொங்கல் விடுமுறையில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். சரியாக "இ" தொடங்கும் இடத்தில் நிறுத்த மூன்று முறை முயன்றேன். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்ய வேண்டும்.

அறுபத்தொரு பேரில் எவரோ அதை வெளியே அனுப்பிவிட்டார். யார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டேன். ஐம்பத்தெட்டுப் பேர் தாம் இல்லை என்றார்கள். இருவர் பதில் எழுதவில்லை. ஒழுக்கம் இவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காடாற்றி அஸ்தி எடுத்து வருவதற்குள் அந்தப் படம் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது. நான் எழுதிய வரி இல்லை. "வாழ்க்கைல முக்கியமான கேள்வி" என்று யாரோ எழுதியிருந்தார். மூன்றாம் நாள் கிரிக்கெட்டில் நாம் தோற்றோம். தோற்ற அணியின் முகங்களுக்குக் கீழே "இட்லி வந்துட்டா?" நான்காம் நாள் தேர்வு முடிவு, மின்வெட்டு, சட்டமன்றம், எல்லாவற்றுக்கும் அதுதான். ஐந்தாம் நாள் அவள் அழுகைக்கு மேளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டார்கள். பால்வாடிக் குழந்தைகள் அதற்கு ஆடுவதை அவர்களைப் பெற்றவர்களே படம் எடுத்துப் போட்டார்கள். ஏழாம் நாள் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சிற்றுண்டிக் கடையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அழுகிற பெண் ஒருத்தியின் சித்திரம், பக்கத்தில் ஆவி பறக்கும் இட்லி, மேலே பெரிய எழுத்தில் "வந்துட்டு", அதாவது வந்துவிட்டது என்று பதில். அழகாகத்தான் வரைந்திருந்தார்கள். மூக்குத்திகூட அவளுடையதேதான்.

இவ்வளவு வேகமாகப் பரவியதில் எனக்கும் வியப்புத்தான். ஒரு கணக்குச் சூத்திரத்தை நாற்பது பிள்ளைகள் மனத்தில் பதிய வைக்க எனக்கு ஒரு பருவம் ஆகும். இது ஏழு நாளில் நாற்பத்தொரு லட்சம். என் பெயர் எங்கும் வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

உலகம்மைக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா கேட்ட? அப்பா அங்க கிடக்காங்க. ஏம்மா அப்படிக் கேட்ட?"

செண்பகவல்லி என் பக்கம் திரும்பினாள். நான் தாளைப் புரட்டினேன். தலையங்கம் நன்றாக எழுதப்பட்டிருந்தது.

"பசிச்சிட்டு," என்றாள்.

அவ்வளவுதான். வேறு என்னவாவது சொல்லியிருக்கலாம், தலை சுற்றியது, நினைவு தப்பியது என்று. அவளுக்கு அந்தச் சாதுரியம் போதாது.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் கொல்லைப்புறம் வழியாக வந்தாள். எனக்கு அவளைப் பிடிக்காது. குரலை அடக்கத் தெரியாதவள்.

"டீச்சர், ஊரே அவளப் பாத்துச் சிரிக்கு. அந்த இட்லியத் தின்னது ஆருன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். வாயத் தொறந்து ஒரு சொல்லு சொன்னாக் கொறஞ்சா போவீய?"

"உன் தூக்குச்சட்டியைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன், பேச்சியம்மா," என்றேன்.

"சட்டி கழுவுனா ஆச்சா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். படிக்காதவர்கள் கடைசியில் ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

பதினான்காம் நாள் என்று எண்ணுகிறேன். தாலி கட்டும்போது ஒரு மாப்பிள்ளை தும்மினான். அந்தத் தும்மல் எல்லாக் கைபேசிக்கும் வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் தும்மல். இட்லியைப் பேசுவார் இல்லை. எனக்கு அது மிகவும் நிம்மதியாக இருந்தது. பதினாறாம் நாள் கருமாதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது, அதாவது உலகத்துக்கு அந்தச் சிரிப்பின் கருமாதியும் அன்றைக்கே.

கருமாதிப் பந்தியில் ஒரு சிறிய நிகழ்ச்சி. எங்கள் ஒன்றுவிட்ட தங்கை கணவர் சங்கரலிங்கம் எப்போதும் வேடிக்கையாகப் பேசுவார். செண்பகவல்லியை இலையில் உட்கார வைத்தார்கள். கட்டாயப்படுத்தித்தான். பரிமாற வந்த சங்கரலிங்கம் அவள் இலைக்கு முன்னால் குனிந்து, "என்ன தங்கச்சி, இட்லி வந்துட்டா?" என்று கேட்டுவிட்டார். பந்தி சிரித்தது. முழுப் பந்தியும் இல்லை, பாதிதான். நான் எண்ணிப் பார்த்தேன், எழுபது பேரில் முப்பது, முப்பத்தைந்து பேர் இருக்கும். பத்து நாளுக்கு முன்னால் என்றால் எழுபது பேரும் சிரித்திருப்பார்கள். அது அடங்கிக்கொண்டு வருகிறது என்பதற்கு எனக்கு இதைவிடச் சான்று வேண்டியிருக்கவில்லை.

உலகம்மை பாதி இலையில் எழுந்துவிட்டாள். கை கழுவினாள், பையை எடுத்தாள். வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னாள்:

"நீ ஒரு வேளை பொறுத்திருக்கலாம்மா. ஒரே ஒரு வேளை."

அந்தப் பெண்ணின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் அலுவலகத்தில் மதிய உணவு தாமதமானால் அந்த முகத்தை ஸ்டிக்கராகப் போடுவார்களாம், அது யார் என்று தெரியாமல். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பு அடையாளம் போட்டாளாம். என்னிடம் சொல்லித்தான் அழுதாள். அம்மாவிடம் அன்றைக்குப் பேசியதுதான் கடைசி. பதினொரு மாதம் ஆகிறது. என்னிடம் நாள்தோறும் பேசுகிறாள். மாலை ஐந்தரைக்கு அழைப்பாள். "அத்தை, எனக்குன்னு இப்ப நீங்க மட்டும்தான்" என்பாள். தாய் இருக்கும்போது அப்படிச் சொல்லக் கூடாது என்று கண்டித்திருக்கிறேன். கண்டிப்பாக, இரண்டு முறை.

ஒருநாள் கேட்டாள். "அத்தை, பேச்சியம்மா ஃபோன் பண்ணாங்க. அந்த இட்லி உங்களுக்குத்தான் வந்துச்சுன்னு சொல்றாங்க. நெசமா?"

நான் பொய் சொல்வதில்லை. வாழ்க்கையில் சொன்னதில்லை. "பேச்சியம்மாளுக்கு உன் அம்மாவின்மேல் அளவுகடந்த பாசம், கண்ணு" என்றேன். அது உண்மைதானே. அத்தோடு அவள் விட்டுவிட்டாள்.

செண்பகவல்லி கார்த்திகையில் வீட்டைவிட்டுப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு ஊசி எங்கே இருக்கிறது, மாத்திரை எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துவிட்டுப் போனாள். மதுரையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் சமையல். எண்பது பேருக்கு. இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள், இளைத்திருக்கிறாள், அவ்வளவே. அழுவதே இல்லையாம். கூட வேலை செய்யும் பெண் சொன்னாள், "இந்த அக்கா வெங்காயம் உரிச்சாக்கூடக் கண்ணுல தண்ணி வராதும்மா" என்று. நிதானம் வந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இன்று ஏன் போனேன் என்று கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை தம்பிக்கு ஆண்டுத் திதி. மனைவி இல்லாமல் திதி கொடுத்தால் உறவினர் ஆயிரம் பேசுவார்கள். உலகம்மை வருகிறாள், விடுப்பு எடுத்துவிட்டாள். அவளுக்கு மாடி அறைக்கு வண்ணம் அடித்து வைத்திருக்கிறேன். இளம்பச்சை. புதுக் கட்டில். இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமாம், அத்தையோடு வந்து இருக்கிறேன் என்றாள். ஆகவே முறைப்படி செண்பகவல்லியையும் அழைக்கப் போனேன்.

அடுக்களை வாசலுக்கு வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க மதினி. வெயில்ல வந்திருக்கீய. மோர் குடிக்கீயளா?"

"குடிக்கிறேன்" என்றேன். கொடுத்தாள். உப்புப் போடவில்லை. எனக்கு இரத்த அழுத்தமும் உண்டு என்பது அவள் நினைவில் இருக்கிறது. செய்தியைச் சொன்னேன். மோர் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எம் மவ என்னப் பாத்தா எந்திச்சுப் போயிருவா மதினி. அவுக திதியன்னிக்கு அது வேண்டாம்."

"நடந்ததை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உலகமே மறந்துவிட்டது, செண்பகம். பதினாறு நாள்கூட நிற்கவில்லை."

"ஊரு மறந்துட்டு. நெசந்தான். இங்க எம்பது பிள்ளைய இருக்கு, ஒண்ணுக்கும் என் மூஞ்சி தெரியல. வந்த முத வாரம் பயந்து பயந்து பரிமாறுனேன். ஒருத்தியும் சிரிக்கல. ஊரு மறந்துட்டு மதினி. எம் மவ மறக்கலியே."

"காலம் ஆற்றும்."

"அந்த முழுப் படம் ஒங்க ஃபோன்ல இருக்குல்லா?"

"இருக்கிறது" என்றேன். நான் பொய் சொல்வதில்லை என்று சொன்னேன் அல்லவா.

"ஊருக்குப் போட வேண்டாம். ஒங்கள ஆரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழம அவ வருவால்லா, அவளுக்கு மட்டும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்க. முன்னால உள்ள அந்த ஒத்தச் சொல்லு அவ காதுல விழுந்தாப் போதும். நான் வாயால சொன்னா, அவுக தலமாட்டுல நின்னு சொன்ன வாக்கு போயிரும். நான் சொல்ல மாட்டேன். அதுவாப் பேசட்டும்."

இதுதான் அவள் கேட்டது. கேட்கும்போது என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குரல் உயரவில்லை. "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல்வரை வந்து, "மதினி, வெறும் வயித்தோட பஸ்ஸேறாதீய" என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். கையில் வாங்கிக்கொண்டேன்.

யோசித்தேன். மாட்டுத்தாவணியிலிருந்து திருமங்கலம்வரை அதே யோசனைதான். தேர்வு முடிவு வெளியானபின் விடைத்தாளைப் பிரிப்பதில்லை, அது விதி. உலகமே மறந்துவிட்ட ஒன்றை நான் ஏன் மறுபடியும் எழுப்ப வேண்டும்? எழுப்பினால் யாருக்கு நன்மை? உலகம்மை இப்போதுதான் தேறி வருகிறாள். அந்தச் சொல்லைக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமையே மதுரைக்குப் பேருந்து ஏறிவிடுவாள். பிறகு அந்தப் பச்சை அறை? அதில் யார் இருப்பது? ஒரே ஒரு சொல்லுக்காக அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது முறை அதிர்ச்சி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் மனநலம் பற்றி மூன்று பயிற்சி முகாமில் கலந்துகொண்டவள் நான்.

திருமங்கலத்தில் நீங்கள் ஏறி, இடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள் அல்லவா, அப்போது அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை காதில் வைத்து முழுவதும் கேட்டேன். ஏழு நிமிடம். "மதினிக்கு" என்பது தெளிவாகத்தான் கேட்கிறது. பிறகு அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது ஒருமுறை கேட்கும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். அழித்தது முப்பது நாள் வேறோர் இடத்தில் கிடக்குமாம், உலகம்மை சொல்லியிருக்கிறாள். அங்கேயும் போய் அழித்துவிட்டேன்.

கனடாக்காரரா? இல்லை, அவருக்கு முகம் மட்டும் தெரிகிற பகுதியைத்தான் அனுப்பினேன். ஒலியில்லாமல்.

சொல்லுங்கள், நான் செய்ததில் பிழை எங்கே? நீங்கள் படித்தவர் போலத் தெரிகிறீர்கள். நிதானமாகச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

ஒரு நிமிடம், மன்னியுங்கள். அவள்தான் அழைக்கிறாள். இன்றைக்குச் சீக்கிரமாக அழைக்கிறாள்.

சொல்லு, உலகு. பேருந்தில் இருக்கிறேன். கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டது. ஆமாம், பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாள், மோர் கொடுத்தாள். இல்லை, வெள்ளிக்கிழமை வரவில்லையாம். நான் அழைத்தேன், முறையாகத்தான் அழைத்தேன். வர விருப்பமில்லை என்றுதான் நினைக்கிறேன். உன்னைப் பற்றியா? இல்லை, கண்ணு. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஏன் இல்லாததைச் சொல்லப் போகிறேன்? என் கைபேசியில் இருக்கும் ஏதோ ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்டாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உலகு. உலகு, எங்கே இருக்கிறாய்? அலுவலகத்திலா? அப்படியானால் அழாதே, கண்ணு. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள். யாராவது படம் எடுத்துவிடுவார்கள்.